கொள்ளியும் ஊர்வலமும்

கோடையில் புல்லெல்லாம் சருகாகிவிடும் ஒரு காட்டில் ஆள்காட்டிக் குருவி ஒன்று வாழ்ந்தது. கூடு கட்டும் வழக்கம் அதன் குலத்துக்கே கிடையாது. வெறுந்தரையில் முட்டையிட்டு, அதையே வீடு என்று சொல்லிக்கொள்ளும்.

அந்தக் காட்டில் ஒரு மரபு உண்டு. தீயை முதலில் கண்டு கூவியவரை யானை தலைமேல் ஏற்றி ஊர்வலம் போகும். மரங்கொத்தி மேளம் கொட்டும்.

அந்தக் கோடையில் பிடித்த தீயையெல்லாம் முதலில் கண்டு கூவியது ஒரு கடுவன் குரங்கு. "என்ன கூர்மையான கண்!" என்று காடே மெச்சியது.

ஒரு காலை, காட்டோரத்தில் மனிதர்கள் கரி சுடும் மூட்டத்திலிருந்து கொள்ளி ஒன்றை எடுத்துக்கொண்டு கடுவன் புல்வெளிக்கு வந்தது. அங்கே அடைகாத்திருந்த குருவி அதைக் கண்டது. கண்ணின் கூர்மை இதுதானா!

குருவி யோசித்தது. தான் பறந்துவிடலாம், முட்டை பறக்குமா? கூச்சலிட்டாலோ, கடுவன் பயந்து கொள்ளியை அங்கேயே போட்டுவிட்டு ஓடும்.

"அண்ணே, கையில் என்ன?"

"இதுவா? குளிர் காயத்தான்."

"சித்திரை வெயிலிலா?"

கடுவன் தலையைச் சொறிந்தது.

"போகட்டும். போன ஊர்வலம் எப்படி, அண்ணே?"

"அதை ஏன் கேட்கிறாய்! தீயணைத்த களைப்பில் பாதிப்பேர் வரவேயில்லை. மரங்கொத்திக்குப் புகையில் இருமல் வேறு."

"தீயில்லாத நாளெல்லாம் மாலையில் காவல்காரருக்கு ஊர்வலம் என்று வைத்தால்? காவலுக்கு உங்களையே வைக்கும்படி யானையாரிடம் சொல்கிறேன். ஆனால் எங்காவது புகை எழுந்தால் அன்றைக்குக் கிடையாது."

"நாள்தோறுமா!" கடுவன் கொள்ளியை ஓடைச் சேற்றில் குத்தி அணைத்தது.

குருவி நடந்ததை மறைக்காமல் யானையிடம் சொன்னது.

"அவனை மிதித்தே விடுகிறேன்!" என்று பிளிறியது யானை.

"மிதித்தால் இன்னொருவர் கொள்ளி எடுப்பார், ஐயா. ஊர்வலம் அப்படியேதானே இருக்கிறது? அதை மாற்றுங்கள்."

யானை காதை மெல்ல ஆட்டியது. இத்தனை நாள் தலையைக் கொடுத்தது தான்தான் என்பது அதற்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாளே கடுவன் காவலுக்கு நின்றது. தேனெடுக்க வந்தவர்கள் போட்டுவிட்டுப் போன பந்தத்தை மண்ணள்ளிப் போட்டு அணைத்து, "என் காட்டிலா?" என்று அவர்கள் போன திசையைப் பார்த்துப் பல்லைக் காட்டியது.

சில நாள் கழித்து, மாலை ஊர்வலம் புல்வெளியைக் கடக்கும்போது யானையின் தலைமேலிருந்து கடுவன் அலறியது.

"நில்லுங்கள்! காலடியில் குஞ்சுகள்!"

தூக்கிய காலைத் தூக்கியபடியே யானை நின்றது. அன்றுதான் முட்டை ஓட்டை உடைத்து வந்த நான்கு குஞ்சுகளும் அதன் கீழே குடுகுடுவென்று ஓடித் தாயிடம் சேர்ந்தன.

நீதி: தீயைக் கண்டு கூவியவரை மட்டும் கொண்டாடும் ஊரில் தீ பெருகும், தீ வராமல் காத்தவரைக் கொண்டாடும் ஊரே தழைக்கும்.