எட்டு மட்டும் போட்ட நாரை

ஆலமேட்டு ஏரியில் லைசென்ஸ் இல்லாமல் எந்தப் பறவையும் பறக்கக் கூடாது. யார் போட்ட சட்டம் என்று கேட்காதீர்கள். சட்டம் என்றால் சட்டம்தான்.

லைசென்ஸ் கொடுப்பவர் கூழைக்கடா இன்ஸ்பெக்டர். தாடைக்குக் கீழே பெரிய பை, பை நிறைய மீன், மீன் நிறைந்தால் தூக்கம். அவர் கொட்டாவி விட்டால் அக்கரை வரைக்கும் மீன் வாடை அடிக்கும்.

அந்த ஏரியில் நெடுங்காலன் என்று ஒரு நாரைக் குஞ்சு இருந்தது. பேச்சுக்குத்தான் குஞ்சு. நிமிர்ந்து நின்றால் அம்மாவின் தோளைத் தொடும். ஆனால் பறக்கச் சொன்னால் மட்டும் அதற்குக் கால் வலிக்கும்!

வெயில் ஏறினால் ஏரி வற்றிவிடும். எல்லாப் பறவைகளும் தூரத்தில் இருக்கும் மேலக்கரை ஏரிக்குப் போய்விடும். போக முடியாதவர்களை நரி பார்த்துக்கொள்ளும். எப்படிப் பார்த்துக்கொள்ளும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

“அந்த நரி இப்பவே கரையில வந்து உக்காந்திருக்குடா! போய் ஒழுங்கா பறக்கக் கத்துக்க!” என்று அம்மா விரட்டியது.

நெடுங்காலன் முதலில் தகைவிலான் குருவியிடம் போனது. ஆளைப் பார்த்தால் கையளவுதான். ஆனால் பறப்பதில் அதை மிஞ்ச அந்த ஏரியில் யாரும் இல்லை.

“முதல்ல காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பார்க்கணும். அப்புறம் மேல ஏறணும். அப்புறம் நேரா போகணும். அப்புறம் எறங்கக் கத்துக்கணும். எறங்குறதுதான் கஷ்டம்!” என்றது தகைவிலான்.

“ஐயையோ! இவ்வளவு இருக்கா?” என்று நெடுங்காலன் மெல்ல நழுவியது.

வழியில் ஒரு பட்டுப்போன மரத்தில் பலகை தொங்கியது. ‘கரியமுத்து பறத்தல் பயிற்சிப் பள்ளி. லைசென்ஸுக்கு முழு கேரண்டி.’ பலகைக்கு மேலே கரியமுத்துக் காக்கை உட்கார்ந்திருந்தது. அந்தக் காக்கையிடம் லைசென்ஸ் இருக்கிறதா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

“வா தம்பி! உனக்குப் பறக்கணுமா, லைசென்ஸ் வேணுமா?” என்றது காக்கை.

நெடுங்காலன் கொஞ்சம் யோசித்தது. “லைசென்ஸ்!”

“கெட்டிக்காரன்டா நீ! இப்படிக் கேட்டாத்தான் எனக்குப் புடிக்கும். இன்ஸ்பெக்டர் ஐயா கிளையை விட்டு அசைய மாட்டாரு. அவர் முன்னாடி தண்ணிக்குள்ள ரெண்டு கருவேல மரம் நிக்குது பாரு. அதைச் சுத்தி எட்டு போடச் சொல்வாரு. வேற ஒண்ணும் கேக்க மாட்டாரு. அதனால நம்ம பள்ளியில ஒரே பாடம். எட்டு!”

“எறங்குறது?”

“கீழதான் தண்ணி இருக்கே! விழுந்தா எறங்கின மாதிரிதான்!”

நெடுங்காலனுக்கு அந்தப் பாடத்திட்டம் மிகவும் பிடித்துப்போனது. வாலில் ‘எல்’ போர்டு கட்டிக்கொண்டு, காலையில் எட்டு, மாலையில் எட்டு. களைத்தால் தொப்பென்று தண்ணீரில் விழும். தூக்கத்தில்கூட அதன் கழுத்து இப்படியும் அப்படியும் வளைந்து எட்டு போட்டது. பக்கத்துக் கூட்டு வாத்து இரண்டு தடவை இடி வாங்கிவிட்டு வீடு மாற்றிக்கொண்டது.

சோதனை நாளும் வந்தது. இன்ஸ்பெக்டர் ஒற்றைக் கண்ணைத் திறந்தார். “ம். எட்டு போடு.”

நெடுங்காலன் போட்டது. அப்படியோர் அழகான எட்டை அந்த ஏரி பார்த்ததே இல்லை! முடிந்ததும் தொப்!

“பாஸ்!” என்று இன்ஸ்பெக்டர் சேற்றில் காலை நனைத்து, ஒரு பூவரசு இலையில் ஓங்கி முத்திரை குத்தினார். திறந்த ஒற்றைக் கண்ணும் மூடிக்கொண்டது.

இலையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நெடுங்காலன் நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே! தகைவிலான் கேட்டது, “எங்க, அந்தக் கிளையில வந்து எறங்கிக் காட்டு பார்ப்போம்!”

“லைசென்ஸ் வாங்குனவங்ககிட்ட மரியாதையாப் பேசுங்க!” என்றது நெடுங்காலன்.

வெயில் ஏறியது. ஏரி வற்றியது. கருவேல மரங்களுக்குக் கீழே தண்ணீர் போய் வெறும் சேறு பல்லைக் காட்டியது. ஒருநாள் காலையில் பறவைகள் எல்லாம் மேலக்கரையைப் பார்த்துக் கிளம்பின.

நெடுங்காலனும் எழும்பியது. முதல் மரத்தைச் சுற்றியது. இரண்டாவது மரத்தைச் சுற்றியது. மறுபடி முதல் மரம்!

“நேரா வாடா!” என்று அம்மா மேலிருந்து கத்தியது.

“நேராத்தாம்மா வரேன்! றெக்கை கேக்க மாட்டேங்குது!”

கூட்டம் புள்ளியாகிவிட்டது. அம்மா மட்டும் திரும்பி வந்தது. கீழே பார்த்தால், சேற்றில் நரி!

“எவ்வளவு நேரம் சுத்துவ தம்பி? களைச்சுப் போயிட்ட. எறங்கு!” என்றது நரி அன்பாக.

“கிட்ட வராதே! எங்கிட்ட லைசென்ஸ் இருக்கு!” என்று நெடுங்காலன் கழுத்திலிருந்த இலையை ஆட்டிக் காட்டியது.

நரி அண்ணாந்து பார்த்தது. “அசல் லைசென்ஸ்தான்! முத்திரைகூட இருக்கே! பரவாயில்ல, அதையும் சேர்த்தே சாப்பிடறேன்!”

நெடுங்காலனுக்கு அழுகை வந்துவிட்டது. “அம்மா! எனக்கு எட்டைத் தவிர ஒண்ணுமே தெரியாதும்மா!”

அம்மாவுக்கும் அழுகைதான். ஆனால் அழுதால் பிள்ளை பிழைக்காதே! சுற்றிலும் பார்த்தது. கரையில் ஒரு பனைமரம் நின்றது. “டேய்! அடுத்த தடவை அந்த மரத்தை விட்டுட்டு, இந்தப் பனையைச் சுத்துடா! எட்டைக் கொஞ்சம் இழுத்துப் போடு!”

நெடுங்காலன் எட்டை இழுத்தது. பனை வந்தது! “இப்ப அடுத்த பனை!” அதுவும் வந்தது. நரியும் விடவில்லை. எங்கே விழுமோ என்று கீழேயே எட்டு எட்டாக ஓடியது. நாரையைப் பார்த்து ஓடியதா, மரத்தைப் பார்க்கவில்லை. மடாரென்று ஒரு பனையில் மோதிக்கொண்டு, “எத்தனை நாரைடா பறக்குது?” என்று கேட்டபடி உட்கார்ந்துவிட்டது.

இப்படியே பனை, வேம்பு, செல்போன் கோபுரம் என்று கண்டதையெல்லாம் சுற்றிச் சுற்றி, மற்றவர்கள் காலையிலேயே போய்ச் சேர்ந்த ஏரிக்கு நெடுங்காலன் சாயங்காலம் போய்ச் சேர்ந்தது. அம்மா ஒவ்வொரு மரமாக உட்கார்ந்து காத்திருந்து கூட்டி வந்தது.

ஏரி வந்துவிட்டது. இனி இறங்க வேண்டும். அதுதான் பாடத்தில் இல்லையே!

கரையோரக் கிளையில் இன்ஸ்பெக்டர் பை நிறைய மீனோடு தூங்கிக்கொண்டிருந்தார். நெடுங்காலன் நேராக அவர் தலையில் விழுந்தது. கிளை முறிந்து இரண்டு பேரும் கீழே வந்தார்கள். பையிலிருந்த மீன் எல்லாம் நாலாபுறமும் சிதறியது. எங்கிருந்தோ கரியமுத்துக் காக்கை வந்து, சத்தம் போடாமல் பொறுக்கித் தின்றது.

“எவன்டா அவன்!” என்று இன்ஸ்பெக்டர் கத்தினார். “எறங்கத் தெரியாத உனக்கெல்லாம் எவன்டா லைசென்ஸ் குடுத்தான்?”

நெடுங்காலன் கழுத்திலிருந்த இலையைக் கழற்றி நீட்டியது. இன்ஸ்பெக்டர் முத்திரையைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார். மறுபடியும் முத்திரையைப் பார்த்தார். பிறகு தலையில் வீங்கியிருந்த இடத்தைத் தடவிக்கொண்டு, இலையைப் பிடுங்கி வாயில் போட்டு விழுங்கிவிட்டார். அன்றிலிருந்து அவர் இரண்டு கண்ணையும் திறந்து வைத்துத்தான் சோதனை நடத்துகிறார்.

நெடுங்காலன் மறுபடியும் ஓர் ‘எல்’ போர்டை வாலில் கட்டிக்கொண்டது. தலையைக் குனிந்தபடி தகைவிலானிடம் போய் நின்றது.

“என்ன வேணும்?” என்றது தகைவிலான்.

“பறக்கணும்!” என்றது நெடுங்காலன்.

சோதனையில் தேறுவதற்காக மட்டும் கற்ற வித்தை, சோதனை நடந்த இடத்தைத் தாண்டி நமக்குத் துணைக்கு வராது.