நாற்பது இலைக் கூத்து

கடலில் கப்பல்கள் பெருகி, ஊரில் யாருக்கும் ஓரிடத்தில் கால் தரிக்காத ஒரு காலத்தில், ஆழித்துறை என்ற நாட்டை நீலவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்ல மனசுக்காரன்தான். ஆனால் காலையில் ஒன்று சொல்வான், மதியச் சாப்பாட்டுக்குள் வேறொன்று சொல்வான், இரண்டையும் கல்லில் வெட்டி வைக்கச் சொல்வான்.

அவன் பாட்டன் கட்டிய கூத்துச்சாலை ஒன்று அரண்மனைக்குப் பக்கத்தில் இருந்தது. யாரும் காசில்லாமல் போய்ப் பார்க்கலாம். அரண்மனை அதற்குக் கொடுத்ததெல்லாம் தினம் நாற்பது இலைச் சாப்பாடு. ஆடுகிறவர், பாடுகிறவர், மத்தளக்காரர் என்று நாற்பது பேர் அதைச் சாப்பிட்டுக் கூத்தை நடத்தினார்கள். சாலையை நிர்வாகம் செய்த உலகம்மைக்கு அதில் இலை கிடையாது. அவள் தன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து இங்கே மாரடித்தாள்.

ஒருநாள் ராஜா திடுதிப்பென்று கூத்துப் பார்க்கப் போனான். போனவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பார்க்க ஏழே பேர். அதிலும் இரண்டு பேர் வெயிலுக்கு ஒதுங்கியவர்கள்.

"ஜனங்கள் எங்கே?"

"துறைமுகத்துல படப்பெட்டி வந்திருக்கு மகாராஜா. ஓட்டையில கண்ணை வச்சா அசலூரெல்லாம் தெரியுதாம்," என்றாள் உலகம்மை. "நாமளும் புதுசா ஒரு கூத்துக் கட்டணும். ரெண்டு மாசம் அவகாசம் குடுங்க."

பக்கத்தில் நின்ற பிரதானி திருமேனிநாதர் தொண்டையைக் கனைத்தார். தன் பேச்சுக்குச் சிரிக்காத ராஜா கூத்துக்குச் சிரிக்கிறானே என்று அவருக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல். "மன்னா, புதுக் கூத்தெல்லாம் எதற்கு? இங்கே குறைவது மேற்பார்வை. நல்ல ஆட்களாக நான் போடுகிறேன்."

ராஜா அந்த நிமிஷமே உத்தரவு போட்டான். ஆட்களைப் பிரதானி நியமிக்கலாம். இலை நாற்பதுக்கு மேல் போகக்கூடாது. மாசிப் பௌர்ணமியன்று, நாற்பது இலையில் சாப்பிடும் அத்தனை பேரும் மேடையேற வேண்டும். அன்றும் சாலை நிரம்பாவிட்டால் நிரந்தரமாகப் பூட்டு. இதையும் கல்லில் வெட்டினார்கள்.

மறுநாளிலிருந்து மேற்பார்வையாளர்கள் வந்து குவிந்தார்கள். மத்தளத்தைப் பார்த்துக்கொள்ள ஒருவர். அவரைப் பார்த்துக்கொள்ள ஒருவர். வேஷக்காரர் முகத்தில் பூசும் அரிதாரத்தை நிறுக்க ஒருவர். ஜனங்கள் எத்தனை தடவை சிரித்தார்கள் என்று ஓலையில் குறிக்க ஒருவர். வந்தவர் ஒவ்வொருவருக்கும் ஓர் இலை போட வேண்டுமே? அதனால் ஒருவர் வர வர, ஓர் ஆட்டக்காரர் வெளியே போனார்.

உலகம்மை அரண்மனைக்கு ஓடிவந்தாள். "மகாராஜா, இப்படியே போனா..."

"கல்லில் வெட்டியாயிற்று," என்றான் ராஜா.

அவள் வாசலுக்குப் போய் அந்தக் கல்லை இரண்டு தடவை படித்தாள். பிறகு நேரே கூத்துச்சாலைக்கு நடந்தாள்.

மாசிப் பௌர்ணமி வந்தது. பூட்டும் கையுமாகக் காவலரைக் கூட்டிக்கொண்டு பிற்பகலில் புறப்பட்ட ராஜா, சாலை வாசலைத் தாண்ட முடியாமல் நின்றான். உள்ளே எள் போட இடமில்லை. மதில்மேல் ஆட்கள், வேப்பமரத்தில் ஆட்கள். படப்பெட்டிக்காரனே பெட்டியை மூடிவிட்டு முன்வரிசையில் இடம்பிடித்திருந்தான்.

"எப்படி இவ்வளவு கூட்டம்?"

"தமுக்கு அடிச்சேன் மகாராஜா. இன்னிக்குக் கூத்துல புது ஆளுங்கன்னு," என்றாள் எதிரே வந்த உலகம்மை.

திரை விலகியது. மேடையில் நாற்பது மேற்பார்வையாளர்கள், திருவிழாவில் தொலைந்த பிள்ளைகள் மாதிரி விழித்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் பிரதானியின் மைத்துனன் சொக்கப்பன், மத்தளத்தைக் குப்புறப் பிடித்திருந்தான்.

"என் கூத்துக்காரர்கள் எங்கே?"

"கீழே உக்காந்திருக்காங்க. இப்பல்லாம் துறைமுகத்துல மூட்டை தூக்கிச் சாப்பிடுறாங்க. சாப்பிடுறவங்க மேடையேறணும்னு உத்தரவு. சாப்பிடுறவங்க இவங்கதான், ஏத்திட்டேன்."

ராஜா மேடையில் ஒருவனைக் கூப்பிட்டான். "நீ என்ன செய்கிறாய்?"

"சிரிப்பு எண்ணுறேன் மகாராஜா."

"எத்தனை எண்ணினாய்?"

"கடைசி ஆட்டக்காரரும் போனப்புறம் யாரும் ஆடலியே."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவன் பழக்கதோஷத்தில் ஓலையை எடுத்து ஒன்று என்று குறித்தான்.

"சொக்கப்பா, உன் வேலை என்ன?"

அவனுக்குப் பயத்தில் பொய் வரவில்லை. "சாலையை அளந்துக்கிட்டிருந்தேன் மகாராஜா. பூட்டினப்புறம் மாமா குதிரைலாயம் வைக்கணும்னாரு. அறுபது குதிரை கட்டலாம்."

ராஜா அதிர்ந்துபோய்த் திருமேனிநாதரைப் பார்த்தான். அவர் தன் செருப்பைப் பார்த்தார். பாட்டன் கட்டிய சாலையைத் தன் கையாலேயே லாயமாக்க இருந்தோமே என்று ராஜா பூட்டைக் கீழே போட்டான்.

"சாலை நிரம்பிவிட்டது. பூட்டு இல்லை," என்றான். "நாற்பது இலையும் கூத்துக்காரர்களுக்கே. உலகம்மைக்கு நாற்பத்தோராவது இலை. பிரதானியாரே, நாளை முதல் எல்லா இலைக்கும் நீர்தான் குனிந்து பரிமாற வேண்டும்."

பிறகு தயங்கிக் கேட்டான். "சரி, நாளைக்கும் இந்த ஜனங்கள் வருவார்களா?"

"வருவாங்க மகாராஜா. புதுக் கூத்து கிடைச்சிருச்சே. இங்க நடந்ததுதான் கதை. பிரதானி வேஷத்துக்கு ஆள் இருக்கு. மைத்துனன் வேஷத்துக்கு அடிதடியே நடக்குது." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ராஜா வேஷம் கட்டத்தான் எல்லாரும் பயப்படுறாங்க."

அப்போதுதான் ராஜாவுக்கு உறைத்தது, இந்தக் கதையில் பெரிய கோமாளி யாரென்று. பிரதானி பொய் சொன்னார், சரி. கல்லில் வெட்டச் சொன்னது யார்? கூட்டம் முழுக்க அவனையே பார்த்தது. சிரிப்பு எண்ணுகிறவன்கூட எழுத்தாணியை அந்தரத்தில் பிடித்தபடி நின்றான்.

ராஜா மெல்லத் தன் கிரீடத்தைக் கழற்றி உலகம்மை கையில் வைத்தான்.

"மரக்கிரீடம் வேண்டாம். இதையே வைத்துக்கொண்டு ஆடச் சொல்."

மறுநாள் அந்தக் கூத்து நடந்தது. வெறுந்தலையோடு தரையில் உட்கார்ந்திருந்த ஒருவர்தான் முதலில் சிரித்தாராம்.