ஏரிக்கு வந்த சீமை மீன்

எதற்கெடுத்தாலும் பாளையக்காரர் மீன்காரி அங்காயியைக் கூப்பிட்டு யோசனை கேட்பதைப் பார்க்கப் பார்க்கத் படைத்தலைவரான தளவாய் சங்கிலிவீரப்பருக்கு வயிறு எரிந்தது. தானும் பெயர் வாங்க வேண்டுமென்று கப்பல்காரனிடம் ஒரு தொட்டி சீமை மீன் வாங்கி வந்தார். கடலில் வளர்ந்து, ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு ஏறிவந்து முட்டையிடும் சாதி அது.

“இதை நம் பெரிய ஏரியில் விடலாமா, அங்காயி?” என்று சபையில் கேட்டார் பாளையக்காரர்.

“வாயைப் பார்த்தாலே பயமாயிருக்கு சாமி. நம்ம மீன் ஒண்ணைக்கூட மிச்சம் வைக்காது.”

தளவாய் கொதித்தார். இவளுக்கு இங்கேயும் பேச்சா! “ஏரியில் விடாமலே அதை நிரூபி! முடியாவிட்டால் இனி அரண்மனைப் பக்கம் வராதே!”

அங்காயி கும்பிட்டாள். “ஆகட்டும் எசமான். உங்க வீட்டுத் தாமரைக் குளத்துல பத்து நாள் விட்டுப் பார்ப்போம். சுத்துச்சுவர் இருக்கு, தாண்டிப் போகாது.”

“ஐயையோ! நான் ஆசையாய் வளர்க்கும் கெண்டைகளை விழுங்கிவிடுமே!” என்று அலறினார் தளவாய்.

சபை கொல்லென்று சிரித்தது.

“அப்போ சுவரே இல்லாத ஏரியில் இருக்கும் நம் மீன்களுக்கு என்ன கதி, தளவாய்?” என்றார் பாளையக்காரர்.

அன்று மதியமே சீமை மீன் அரண்மனை அடுப்பில் வறுபட்டது. முதல் துண்டைப் பாளையக்காரர் அங்காயிக்குக் கொடுத்தார். எல்லோரும் ருசித்துச் சாப்பிட்டார்கள். தளவாய்க்கு மட்டும் ஒரு வாய்கூட இறங்கவில்லை.