பஸ்ஸில் வந்த பேய்

இயக்குநர் கனகசபாபதி பேய்ப் படம் எடுத்தே கொழுத்தவர். இப்போதோ அவருடைய பேய் வந்தாலே தியேட்டர் சிரிக்கிறது. பழி, பேயாக நடிக்கும் துணை நடிகை செங்கமலத்தின் மேல் விழுந்தது. அன்று படப்பிடிப்பின் நடுவே அவளைக் கூப்பிட்டுச் சீறினார்.

"ரத்தமில்லாம, அலறாம, என்னையே பயமுறுத்து பார்ப்போம். இல்லேன்னா நாளைலேருந்து வராதே!"

செங்கமலம் தலையாட்டிவிட்டுப் போனாள். சற்று நேரத்தில் வேடம் கலைத்து, தோளில் பையோடு வாசல் வழியே ஓடி வந்தாள்.

"மன்னிச்சிருங்க சார். பஸ் பிரேக்டவுன், இப்பத்தான் வர்றேன். ஷூட்டிங் ஆரம்பிச்சாச்சா?"

"அப்போ... காலையிலேருந்து நடிச்சது?" என்ற இயக்குநர் நாற்காலியோடு சாய்ந்தார்.

"நான்தான் சார்," என்று சிரித்தாள் செங்கமலம். "சனம் இப்ப இதுக்குத்தான் பயப்படுது."

செட்டே கைதட்டியது. அப்போது மேக்கப்மேன் அந்தோணி பெட்டியோடு மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

"டிராபிக்ல மாட்டிக்கிட்டேன். செங்கமலம், உட்காரும்மா, மேக்கப் போட்டுடலாம்."

செங்கமலத்தின் சிரிப்பு நின்றது.

"அண்ணே... அப்ப காலையில எனக்கு மேக்கப் போட்டது யாரு?"