எபனேசர்விளை சவுண்ட் கமிட்டி

முட்டாள்கள் இல்லாத ஊர் கிடையாது. ஆனால் அவர்களைப் பொறுக்கியெடுத்து, ஓட்டுப் போட்டு ஜெயிக்க வைத்து, கமிட்டி என்று பெயரும் சூட்டி, கையில் மைக் செட்டை ஒப்படைத்த ஊர் எங்கள் எபனேசர்விளை ஒன்றுதான். எங்கள் கோவிலின் சவுண்ட் கமிட்டியில் மூன்று பேர். மூன்று பேருக்கும் சேர்த்து மூளை ஒன்றாவது இருந்திருந்தால் இந்தக் கதையே கிடையாது.

கன்வீனர் ரத்தினசிங், கூட்டுறவு வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். தன் பெயரை யாராவது மைக்கில் வாசிக்காத ஞாயிற்றுக்கிழமை அவருக்குச் சாப்பாடு இறங்காது. அடுத்தவர் டைல்ஸ் கடை மோட்சக்கண். ரத்தினசிங் தும்மினால் அதற்கும் ஆமென் சொல்பவர். மூன்றாமவர் கோழிப்பண்ணை துரைப்பழம். இவர் எதையும் நன்றாக யோசித்துத்தான் சொல்வார். பிரச்சினையே அதுதான்.

எங்கள் பக்கம் தேவாலயத்தைக் கோவில் என்போம், போதகரை ஐயர் என்போம். எங்கள் ஐயர் ஜேசன் தங்கையா தங்கமான மனிதர். பாவம், தொண்டையில் கட்டி வந்து நாகர்கோவிலில் ஆபரேஷன் செய்துகொண்டு வந்திருந்தார். "இனிமேல் சத்தம் போட்டால் குரல் அடியோடு போய்விடும். மெதுவாகப் பேசுங்கள், மற்றதை மைக் பார்த்துக்கொள்ளும்" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அந்த டாக்டர் எங்கள் கோவில் மைக்கைப் பார்த்ததில்லை.

ஐயர் வாயைத் திறந்தால் ஸ்பீக்கர் பாக்ஸ் கீ என்று கத்தும். அவர் ஜெபம் பண்ணும்போது பின்னால் மெதுவாக டிரம்ஸ் வாசிப்பது எங்கள் கோவிலில் புதுப் பழக்கம். மெதுவாக வாசிக்க எங்கள் டிரம்ஸ்காரனுக்குத் தெரியாது. பிரசங்கியாருக்குக் குரல் போனால் என்ன மிச்சம்? ஐயர் கமிட்டியைக் கூப்பிட்டுக் கெஞ்சினார்.

"அண்ணாச்சி, சவுண்டை மட்டும் கொஞ்சம் சரிபண்ணிக் கொடுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

"இனி எங்க பொறுப்பு ஐயரே. நீங்க நிம்மதியா இருங்க" என்றார் ரத்தினசிங். அன்றோடு ஐயருடைய நிம்மதி போயிற்று.

பாளையங்கோட்டையிலிருந்து ஆல்வின் என்ற சவுண்ட்காரனை வரவழைத்தார்கள். வந்தவன் மிக்ஸரைப் பார்த்தான். ஒவ்வொரு மைக்குக்கும் மேலே தள்ளினால் சத்தம் கூடுகிற, கீழே இழுத்தால் குறைகிற ஒரு கட்டை. எங்கள் கோவிலில் ஒவ்வொரு கட்டைக்கும் கீழே அதைக் கொடுத்த குடும்பத்தின் பெயரும் ஒட்டியிருக்கும். டிரம்ஸ் கட்டை ரத்தினசிங்கின் அப்பா ஞாபகார்த்தம். கிட்டார் கட்டை மோட்சக்கண் குடும்பம். பாடகர் குழு கட்டை துரைப்பழத்தின் மாமனார். ஐயர் மைக் மட்டும் பொதுப் பணத்தில் வாங்கியது, அதனால் கேட்க நாதியில்லை.

"ஐயர் மைக்கைக் கூட்டுங்க, டிரம்ஸைக் குறைங்க. பாதி சரியாயிடும்" என்றான் ஆல்வின்.

ரத்தினசிங்கின் முகம் கறுத்தது. "எங்கப்பாவைக் குறைக்கச் சொல்லுதியா?"

"டிரம்ஸைத்தான் அண்ணாச்சி."

"அவரு பேருதானேடே ஒட்டியிருக்கு?"

ஆல்வினுக்குச் சாயங்காலம் ஒரு கல்யாண வீட்டில் மைக் செட் வேலை. இவர்களிடம் மல்லுக்கட்ட நேரமில்லை. போகிற போக்கில் மூன்று விஷயம் சொல்லிவிட்டுப் போனான். "காலிக் கோவில்ல சத்தம் எதிரொலிக்கும், ஞாயித்துக்கிழமை மாதிரி பெஞ்சை நிரப்பிட்டு செட் பண்ணுங்க. கடைசி பெஞ்சில ஒருத்தர் இருக்கணும், சத்தம் சரியில்லன்னா அவர் கையைத் தூக்கட்டும். செட் பண்ணின பிறகு ஆராதனை முடியுற வரைக்கும் எதையும் அசைக்காதீங்க."

சனிக்கிழமை கமிட்டி கூடியது. குறைக்கவும் முடியாது, கூட்டினால் மற்றவர்களுக்குக் கோபம் வரும். கடவுள் சந்நிதியில் எல்லாரும் சமம் என்று துரைப்பழம் எடுத்துச் சொல்ல, எல்லாக் கட்டைகளையும் ஸ்கேல் வைத்து ஒரே மட்டத்தில் நிறுத்தினார்கள். ஐயரும் டிரம்ஸும் சமம்.

அடுத்து பெஞ்சை நிரப்ப வேண்டும். சும்மா வந்து உட்காருங்கள் என்றால் சனிக்கிழமை யார் வருவார்கள்? அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாக வந்த நெல் மூட்டைகள் பின் அறையில் ஏலத்துக்குக் காத்துக் கிடந்தன. ஆளுக்கு ஒரு மூட்டை என்று பெஞ்சுகளில் தூக்கி வைத்தார்கள்.

துரைப்பழம் தள்ளி நின்று யோசித்தார். "ஞாயித்துக்கிழமை மாதிரின்னுல்லா சொன்னான்? இதுல ஆம்பளை எது, பொம்பளை எது?"

நியாயமான கேள்வி என்று கமிட்டி ஒப்புக்கொண்டது. வீடு வீடாக ஆள் அனுப்பிச் சேலையும் சட்டையும் வரவழைத்தார்கள். இடது பக்க மூட்டைகள் சட்டை போட்டன. வலது பக்க மூட்டைகள் சேலை கட்டி, கோவில் ஒழுங்குப்படி முக்காடும் போட்டுக்கொண்டன.

திடீரென்று மோட்சக்கண் கத்தினார். "ரெண்டாவது பெஞ்சு எங்க குடும்பத்து பெஞ்சு. அதுல எவன் வீட்டு மூட்டை வேய் இருக்கு?"

"அது துரைப்பழம் கொண்டாந்த நெல்லு."

"எங்கப்பா காலத்துல இருந்து நாங்க இருக்க இடம். எடும் வேய் அதை!"

மூட்டைகளுக்கு இடம் மாற்றிக் கொடுப்பதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. கடைசி பெஞ்சில் யார் இருப்பது என்பதில் அடுத்த தகராறு. மிக்ஸர் பக்கம் நிற்கிற கௌரவத்தை விட்டுவிட்டுக் கடைசிக்குப் போக மூன்று பேரில் எவனுக்கும் மனசில்லை. அங்கேயும் ஒரு மூட்டையை வைத்தார்கள். பிறகு ரத்தினசிங் மைக்கில் ஒன்று இரண்டு மூன்று சொல்லி, கடைசி பெஞ்சை உற்றுப் பார்த்தார்.

"கையைத் தூக்குதா?"

"தூக்கலை."

"அப்போ சவுண்டு சரி."

ஞாயிற்றுக்கிழமை காலையில் சபையார் பைபிளும் கையுமாக வந்தால், வாசலில் துரைப்பழம் கையை விரித்து நிற்கிறார். "ஒருத்தரும் உள்ளே போகக்கூடாது. சவுண்டு செட் பண்ணியாச்சு. ஆராதனை முடியுற வரைக்கும் எதையும் அசைக்கக்கூடாதுன்னு சவுண்ட்காரன் சொல்லியிருக்கான்."

"நாங்க எங்கே இருக்க?"

"அதைப் பத்தி அவன் ஒண்ணும் சொல்லலை."

சபையாரும் கெட்டிக்காரர்களா என்ன? செட்டிங் கெட்டுவிடக் கூடாதே என்று வெயிலில் நின்றார்கள். உள்ளே ஐயர் பீடத்தில் ஏறித் திரும்பினார். முக்காடு போட்ட மூட்டைகள் அவரைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்திருந்தன. முதல் பெஞ்சில் ஒரு மூட்டை அவர் சம்சாரத்தின் கல்யாணப் பட்டுச் சேலையைக் கட்டியிருந்தது.

"அண்ணாச்சி, மூட்டையை எடுங்க" என்றார் மெல்ல. டிரம்ஸ் தட்டிக்கொண்டிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னார். பாக்ஸ் கீ என்றது. ரத்தினசிங் அங்கிருந்தே அபாரம் என்று கட்டை விரலைக் காட்டினார்.

ஐயர் வெளியே ஓடினார். மத்தியான வெயில் மாதிரி அடிக்கிற காலை வெயிலில் வயசானவர்களும் கைக்குழந்தைகளும் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் சம்சாரம் ஐயரம்மா பதறிப்போய், "வேண்டாங்க, சத்தம் போடாதீங்க!" என்று கையைப் பிடித்தாள். பெற்ற பிள்ளைகள் மாதிரி வைத்திருந்த சபை வெயிலில் காய்வதைப் பார்த்து அந்த மனிதரால் சும்மா இருக்க முடியவில்லை. "எல்லாரும் உள்ளே வாங்க!" என்று அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போட்டார். அவ்வளவுதான், குரல் போய்விட்டது. அதற்குப் பிறகு பீடத்தில் ஏறி நின்றும் வாய் மட்டும் அசைந்தது.

எனக்கு இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. கமிட்டிக்கு ஒன்றும் எரியவில்லை. "இன்னைக்கு ஐயர் பிரசங்கத்துல ஒரு கீ சத்தம் வந்துதா?" என்று மூன்று பேரும் ஒருவரையொருவர் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள்.

டாக்டர் பார்த்துவிட்டு, மூன்று மாதம் வாயே திறக்கக் கூடாது, திறக்காமல் இருந்தால் குரல் திரும்பும் என்றார். மாத்திரை கொடுத்து, நன்றாகத் தூங்கச் சொன்னார். நலம் விசாரிக்க வந்த கமிட்டியை ஐயரம்மா வாசலிலேயே நிறுத்தினாள்.

"நீங்க செஞ்ச உபகாரம் போதும். அவுக தூங்கணும். அதுக்கு மட்டும் குறுக்கே வராதீங்க."

மூன்று பேரும் தலையை ஆட்டிவிட்டு நடந்தார்கள். கோவில் வாசலில் துரைப்பழம் நின்று யோசித்தார். "பேசக் கூடாதுன்னு சொன்னாவ. தூங்கணும்னு சொன்னாவ. மைக் வைக்கக் கூடாதுன்னு சொன்னாவளா?"

"சொல்லலியே!" என்றார் மோட்சக்கண்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. மூட்டைகள் ஏலத்தில் போய்விட்டதால் (சில சேலைகளும் கூடவே போய்விட்டன) சபையார் உள்ளே உட்கார முடிந்தது. ஐயருக்குப் பதில் உபதேசியார் பிரசங்கம் செய்ய எழுந்தார். ரத்தினசிங் கையைக் காட்டி அவரை உட்கார வைத்தார். ஐயர் வீட்டு ஜன்னல் வரைக்கும் வயர் எட்டாததால், டிரம்ஸ், கிட்டார், பாடகர் குழு எல்லாவற்றின் வயரையும் பிடுங்கி ஒன்றோடொன்று இணைத்து நீட்டியிருந்தார்கள். அதனால் எங்கள் கோவில் வரலாற்றில் முதல் தடவையாக ஐயர் மைக் மட்டும் தனியாக வேலை செய்தது.

பாக்ஸிலிருந்து கொர்ர்ர் என்று புறப்பட்டது. சுத்தமான, கணீரென்ற, கடைசி பெஞ்சு வரைக்கும் எட்டுகிற குறட்டை. அது யாருடையது என்று ஐயரம்மாவுக்கு மட்டும் உடனே தெரிந்துவிட்டது. செருப்பைக்கூடப் போடாமல் வீட்டுக்கு ஓடினாள். மற்ற எல்லாரும் கண்ணை மூடித் தலைகுனிந்து கேட்டார்கள். குறட்டை நின்ற இடத்தில் ஆமென் சொன்னார்கள்.

"மூணு பாயிண்டாப் பிரிச்சுப் பேசினாரு, கவனிச்சீரா?" என்றார் மோட்சக்கண்.

"ஒவ்வொண்ணும் விளங்குச்சு வேய்" என்றார் ரத்தினசிங், கண்ணைத் துடைத்தபடி.

ஐயரம்மா விளக்குமாறோடு திரும்பி வருவதற்குள், மூன்றாவது தெரு பொன்சிங் வெற்றிலைத் தட்டோடு கமிட்டிக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார். "அண்ணாச்சி, வாற மாசம் எங்க மவளுக்குக் கல்யாணம். ஐயரைத்தான் வந்து தூங்கித் தரச் சொல்லணும்."