கடற்பாலத்து மணி

மணற்துறையில் ஜெபசீலி டீச்சரிடம் இங்கிலீஷ் படிக்க வந்தவர் கஸ்பார். டீச்சருக்கு வயது இருபத்தாறு, அவருக்கு அறுபத்தேழு. மகள் சகாயராணி லண்டனில் இருக்கிறாள். பேத்தி எவ்லினுக்குத் தமிழ் வராது. அவளோடு நாலு வார்த்தை பேச வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

டீச்சர் அந்த ஊரின் கதையையே பாடமாக எழுதிக் கொடுத்திருந்தாள். ஊருக்கு ஒரு கடற்பாலம் இருந்தது, பாலத்தில் ஒரு மணி இருந்தது, பனிமூட்டத்தில் கரை இருக்கும் இடம் கப்பலுக்குத் தெரிய அதை அடிப்பார்கள் என்று போகும். 'எ', 'ஆன்', 'தி' வருகிற இடமெல்லாம் வெறும் கோடு. அதை நிரப்ப வேண்டும்.

மூன்று மாதத்தில் கஸ்பார் ஒரு கோடும் தப்பாமல் நிரப்பினார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பேத்தி கூப்பிட்டால், எந்தச் சொல்லுக்கு முன்னால் எதைப் போடுவது என்று யோசிப்பார். அதற்குள் பிள்ளை விளையாடப் போய்விடும். போன வாரம் பேசவே மாட்டேன் என்றதாம்.

"தாள்ல எல்லாம் சரியா வருது டீச்சர். வாய்ல எப்ப வரும்?"

டீச்சர் தாளை மடித்துத் தன் பைக்குள் வைத்தாள். அவர் போனை வாங்கி லண்டனுக்குப் போட்டாள். எவ்லின் வந்ததும், தாத்தா ஊர் மணியைப் பற்றிக் கேள் என்று சொல்லி, போனை அவர் கையில் கொடுத்தாள்.

கஸ்பார் தாளைத் தேடினார். பிள்ளை மறுபடியும் கேட்டது.

"பெல்... ஃபால். சீ... ஃபால்," என்றார்.

பிள்ளை சிரித்தது. அப்புறம் என்ன என்றது.

அப்புறம் அவர் நிற்கவில்லை. பனியில் ஒரு கப்பல் பாறைப் பக்கம் வந்ததையும், மணி அறுந்து கடலில் விழுந்துவிட, அதை அடிக்கும் வேலையிலிருந்த அப்பா வெறும் கயிற்றோடு நின்றதையும், அம்மாவும் தெருப் பெண்களும் பித்தளைக் குடங்களோடு ஓடிவந்து கரண்டியால் அடித்ததையும் தெரிந்த சொற்களை வைத்தே சொன்னார். சொல் கிடைக்காத இடத்தில் மேசையைத் தட்டினார். அந்தப் பக்கம் பிள்ளையும் எதையோ எடுத்துத் தட்டியது. அம்மா போய் முப்பது வருஷம். கஸ்பாருக்குக் கண் நிறைந்துவிட்டது.

பள்ளிக்கு நேரமாச்சு என்று சகாயராணி போனை வாங்கிக்கொண்டாள். மிச்சத்தை நாளைக்கே சொல்லணும் என்று பிள்ளை அடம்பிடிப்பது கேட்டது.

ஒரு 'எ'கூட, ஒரு 'தி'கூடத் தான் போடவில்லை என்பது அப்போதுதான் கஸ்பாருக்கு உறைத்தது.

"எத்தனை தப்பு டீச்சர்?"

டீச்சர் நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"கப்பலுக்குக் கேட்டுச்சா ஐயா?"