கொப்பாயிக்கு வேர்த்த கதை

நான் சொல்றது மொத்தமும் நிசம். ஒரு சொல்லு பொய்யா இருந்தா என் மீசை இப்பவே உதிரட்டும். உதிருதான்னு பாத்துக்கிட்டே கேளுங்க.

அந்தக் காலத்துல மிருகமெல்லாம் பேசும். மனுசன்னு ஒருத்தனும் கெடையாது. உங்க பாட்டன் முப்பாட்டன் எல்லாம் உடம்பு பூரா முடியோட மரத்துல தொங்கிக்கிட்டு இருந்தாங்க. எங்க பாட்டனும்தான், கோவிச்சுக்காதீங்க. நல்ல மழை, நல்ல காடு. தரையில காலே படாது.

அப்புறம் மழை வர்றதக் கொறச்சுக்கிச்சு. மரம் ஒண்ணொண்ணாப் பட்டு, காடு இருந்த எடமெல்லாம் ஆளுயரப் புல்லு. கடைசியா நின்ன ஒத்தை மரத்துல கொப்பாயின்னு ஒருத்தி, கைக்கொழந்தையோட. அது அவ வயித்து முடியப் புடிச்சுத் தொங்கும். தண்ணியில்லாம அதுக்கு நாக்கு ஒட்டிப்போச்சு. ஆறு புல்லுக்கு அந்தாண்ட. மரத்தடியில யாரு? சிங்கம்.

"ஏ கொப்பாயி, எப்ப எறங்குவே?"

"நீங்க தூங்குனதும் மாமா."

"உச்சி வெயில்ல தூங்குவேன். ஆனா அந்த முடிக் கம்பளியப் போத்திக்கிட்டு வெயில்ல நீ பாதி தூரம் போவியா? சுருண்டுருவே!"

அது சரிதான். அந்நேரம் காத்து வந்துச்சு.

"காத்தண்ணே, என்னைக் கொஞ்சம் குளுர வையேன்."

"முடிக்குள்ள நான் எப்படித் தாயி நுழையறது? முடியக் குடு. ஒடம்பு தண்ணி விடும், நான் ஊதி ஊதிக் குளுர வைக்கிறேன்."

சிங்கம் உருண்டு உருண்டு சிரிச்சுச்சு. "முடியில்லாம நாலு பேரு முன்னால எப்படி நடப்பே?"

"நாலு பேரு பேசிக்கட்டும் மாமா. எம்புள்ளைக்குத் தண்ணி வேணும்."

உருவிக் குடுத்துட்டா! மண்டைக்கு நேரா சூரியன் நிக்கிறதால தலையில மட்டும் வச்சுக்கிட்டா. வெயில் உச்சிக்கு வந்துச்சு, சிங்கம் கண்ண மூடுச்சு. எறங்கி நாலு கால்ல ஓடுனா. புள்ளை பொத்துன்னு விழுந்துருச்சு. புடிச்சுக்க முடி எங்க இருக்கு? வாரி இடுப்புல இடுக்கினா. கை புள்ளைக்குப் போச்சு, மிச்சம் ரெண்டு காலு. எந்திரிச்சு நின்னா பாருங்க, புல்லுக்கு மேல பளிச்சுன்னு ஆறு!

சிங்கம் ஒத்தைக் கண்ணத் தெறந்து, 'எம்புட்டுத் தூரம் போயிருவா'ன்னு மெதுவாத்தான் எந்திரிச்சுச்சு. அப்புறம் பாஞ்சுச்சு. பாதி வழியில நாக்கு வெளிய தொங்கிருச்சு. பிடரியும் கம்பளியுமா ராஜா படுத்துட்டாரு. கொப்பாயி வேர்த்துக் கொட்ட, காத்து ஊத, நிக்காம போய்ட்டே இருந்தா.

ஆத்துல எறங்கி, தண்ணிய உள்ளங்கையில அள்ளிப் புள்ளை வாயில விட்டா. குடிச்சுட்டு அது எக்கி அவ தலைமுடியப் புடிச்சுக்கிச்சு.

என்னா பொம்பளைங்க அவ! மழை கைவிட்டுச்சு, மரம் கைவிட்டுச்சு, அவ புள்ளையக் கைவிடல.

அன்னிக்கிருந்துதான் மனுசன் ரெண்டு கால்ல நடக்குறான், அவனுக்கு வேர்க்குது. பொறந்த புள்ளை கையில வெரல வச்சா இறுக்கிப் புடிக்குதே, அதுவும் அன்னிக்கிருந்துதான். கொப்பாயி வயித்து முடிய இன்னும் தேடுது.

மீசை உதிரலைல்ல? எனக்கும் வேர்த்துப்போச்சு. சில்லுன்னு ஒரு நன்னாரி சர்பத் கொண்டாங்க. இல்லேன்னா ஆளுக்கொரு பிடி தலைமுடியக் கழட்டி வச்சுட்டு எடத்தக் காலி பண்ணுங்க!